தௌபாலில் 90 வாக்குகள்: இரோம் சர்மிளா ஏன் தோற்றார்?

2017 மார்ச் 11 அன்று மணிப்பூர் சட்டமன்றத் தேர்தலின் வாக்குகள் எண்ணப்பட்டன. தௌபால் தொகுதியில் முதல்வர் ஒக்ராம் இபோபி சிங் 18,649 வாக்குகள் பெற்று வென்றார். பாஜகவின் லெய்தாந்தெம் பசந்த சிங்குக்கு 8,179 வாக்குகள். எவருக்கும் வாக்கில்லை என்று நோட்டாவை அழுத்தியவர்கள் 143 பேர். ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் உண்ணாமல் இருந்த இரோம் சர்மிளாவுக்குக் கிடைத்தவை 90.

அன்று மாலையே இரண்டு தீர்ப்புகள் எழுதப்பட்டுவிட்டன. மணிப்பூர் மக்கள் நன்றி கெட்டவர்கள் என்றது ஒன்று. போராளிகளுக்கு அரசியல் எதற்கு என்றது மற்றொன்று. முதல் தீர்ப்பு தௌபாலில் நடந்தது என்ன என்று பார்க்கவில்லை. இரண்டாவது, அவர் எதற்காகத் தேர்தலில் நின்றார் என்பதையே கேட்கவில்லை. இரண்டையும் ஏற்க முடியாது. சர்மிளா அந்தச் சட்டம் எங்கே உயிர் வாழ்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் சட்டமன்றத்தை நோக்கி வந்தார். தேர்தல் என்பதை அவர் புரிந்துகொள்ளவில்லை. புரிந்துகொள்ளும் வாய்ப்பை, அவரைக் காவலில் வைத்திருந்த அரசு தரவில்லை என்பதே இந்தத் தோல்வியின் வேர்.

முதலில் சட்டம். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஒடுக்க வைஸ்ராய் லின்லித்கோ பிறப்பித்த அவசரச் சட்டம்தான் இதன் முன்னோடி. சுதந்திர இந்தியா 1958இல் நாகா மலைகளுக்காக அதை மீண்டும் உயிர்ப்பித்தது. இதன் நான்காவது பிரிவு, பதற்றப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், எச்சரித்த பிறகு உயிர்போகும் அளவுக்குச் சுடலாம், வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம், வீடு புகுந்து தேடலாம் என்கிறது. அந்த அதிகாரம் ஹவில்தார் நிலையில் இருப்பவருக்குக்கூட உண்டு. ஆறாவது பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் படையினர் மீது வழக்கு நடத்த முடியாது. 1980 முதல் மணிப்பூர் முழுவதும் இந்தச் சட்டத்தின் கீழ் இருந்தது.

இதை ரத்து செய்ய நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். அதனால்தான் 2016 ஆகஸ்டில், ‘முதல்வராகி இந்தச் சட்டத்தை அகற்றுவேன்’ என்று சர்மிளா சொன்னபோது பலருக்கு அது குழந்தைத்தனமாகத் தோன்றியது. ஆனால் சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் பாருங்கள். பதற்றப் பகுதி என்ற அறிவிப்பு இல்லாத இடத்தில் சட்டத்துக்கு வேலையே இல்லை. அந்த அறிவிப்பை மாநில ஆளுநரோ மத்திய அரசோ வெளியிடலாம். நடைமுறையில் மணிப்பூரில் அதைக் காலக்கெடு முடிய முடிய நீட்டித்து வந்தது மாநில அமைச்சரவைதான். 2004 ஜூலையில் படையினர் பிடித்துச் சென்ற தங்ஜம் மனோரமா என்ற பெண் கொல்லப்பட்டு, காங்லா கோட்டை வாசலில் தாய்மார்கள் ஆடை களைந்து நின்று கதறிய பிறகு, இபோபி சிங்கின் அரசே இம்பால் நகராட்சி எல்லைக்குள் அந்த அறிவிப்பை விலக்கிக்கொண்டது. ஏழு தொகுதிகள் சட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்டன. மாணிக் சர்க்கார் முதல்வராக இருந்த திரிபுரா 2015 மே மாதம் மாநிலம் முழுவதிலும் அதை விலக்கியது. ஆக, ஒரு முதல்வரின் கையெழுத்து இந்தச் சட்டத்தைச் செயலிழக்கச் செய்ய முடியும் என்பதற்கு இரண்டு முன்னுதாரணங்கள் அவர் கண்முன் இருந்தன. டெல்லியை நோக்கிப் பதினாறு ஆண்டுகள் வேண்டிக்கொண்ட ஒருவர், கதவு இம்பாலிலும் இருக்கிறது என்று கண்டுகொண்டார். இதில் குழந்தைத்தனம் எங்கே இருக்கிறது?

2000 நவம்பர் 2 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள மாலோம் பேருந்து நிறுத்தத்தில் அசாம் ரைபிள்ஸ் படையினர் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். 62 வயதுப் பெண் ஒருவர், சிறுவனாக இருந்தபோது வீரச்செயலுக்கான தேசிய விருது பெற்ற 18 வயது இளைஞர் ஒருவர், பேருந்துக்குக் காத்திருந்த மற்றவர்கள். அப்போது சர்மிளாவுக்கு 28 வயது. சில நாட்களுக்குள் உண்ணாவிரதம் தொடங்கினார். தற்கொலை முயற்சி என்று இந்திய தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவில் கைதானார். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. எனவே ஆண்டுக்கொரு முறை விடுதலை, ஓரிரு நாளில் மறுபடி கைது என்று ஒரு சடங்கு உருவானது. 2014 ஆகஸ்டில் இம்பால் செஷன்ஸ் நீதிமன்றம், இது தற்கொலை முயற்சியே அல்ல என்று சொல்லி விடுவித்தது. இரண்டே நாளில் மறுபடி தூக்கிச் சென்றார்கள்.

அவர் இருந்த இடம் போரோம்பட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கழக மருத்துவமனையின் காவல் அறை. மூக்கு வழியாகச் செருகிய குழாயில் திரவ உணவு இறங்கும். தண்ணீர் நாக்கில் படக்கூடாது என்பதற்காக உலர்ந்த பஞ்சினால் பல் துலக்கினார். தலை வாரவில்லை. யார் அவரைப் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்பதைச் சிறைத் துறையும் உள்துறையும் தீர்மானித்தன. காவலை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அழைத்துவரப்படும் நாட்களில்தான் வெளியுலகம் அவரைப் பார்த்தது. மூக்கில் குழாயோடு இருக்கும் அந்த முகத்தை நாம் அனைவரும் அறிந்தது அப்படித்தான்.

இந்த அறையை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வேட்பாளர் தேர்தலுக்கு முன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் என்ன செய்கிறார்? கல்யாணத்துக்குப் போகிறார், சாவுக்குப் போகிறார். ஊர்த் தகராறில் நடுவில் நிற்கிறார். ஆஸ்பத்திரியில் இடம் வாங்கித் தருகிறார். ரேஷன் அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதிக் கொடுக்கிறார். பெயர் சொல்லி அழைக்கும் ஐயாயிரம் பேரைச் சேர்த்து வைக்கிறார். சர்மிளாவின் அந்த ஆண்டுகள் காவல் அறைக்குள் கழிந்தன. வாக்காளர்களைச் சந்திப்பது இருக்கட்டும், வாக்களிக்கும் உரிமைகூட அவருக்கு இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு, சட்டப்படி காவலில் இருப்பவர் வாக்களிக்கக் கூடாது என்கிறது. 2014 மக்களவைத் தேர்தலில் வாக்களிக்க விரும்பிய அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. காவலில் இருப்பவர் தேர்தலில் நிற்கலாம், வாக்களிக்கக் கூடாது என்பது நம் சட்டத்தின் விநோதம். இது இன்னும் சரிசெய்யப்படாமல் இருப்பது வெட்கக்கேடு.

2016 ஆகஸ்ட் 9 அன்று, செய்தியாளர்கள் சூழ, உள்ளங்கையில் விட்ட ஒரு துளித் தேனை நாக்கில் வைத்து அவர் உண்ணாவிரதத்தை முடித்தார். அழுதார். முதல்வராக விரும்புவதாகச் சொன்னதும் அன்றுதான். அன்றிரவு தங்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அழைத்துச் சென்ற இடத்தில் அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கடைசியில் அவர் திரும்பிப் போனது எந்த மருத்துவமனையில் அடைபட்டிருந்தாரோ அதே மருத்துவமனைக்கு. தேர்தல் முடிவு வருவதற்கு ஏழு மாதம் முன்பே முடிவின் சாயல் அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள முயல வேண்டும். ஆயுதக் குழுக்களின் கூட்டணி ஒன்று, உண்ணாவிரதத்தைக் கைவிடக்கூடாது, வெளியாரை மணக்கக்கூடாது என்று ஏற்கெனவே அவரை எச்சரித்திருந்தது. அவர் காதலித்த டெஸ்மண்ட் குட்டினோ மணிப்பூரைச் சேர்ந்தவர் அல்லர் என்பது பலருக்கு உறுத்தியது. முடிவை எடுக்குமுன் தங்களைக் கேட்கவில்லை என்று, ஆண்டுக்கணக்கில் அவருக்காகத் தெருவில் உட்கார்ந்த பெண்கள் மனம் நொந்தார்கள். இந்தக் கடைசி வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. மற்ற இரண்டிலும் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஒரு பெண்ணின் பசியை ஒரு சமூகம் தன் பொதுச்சொத்தாக நினைக்கத் தொடங்கிவிட்டது. அவர் சாப்பிடுவதும் காதலிப்பதும் பொதுச்சொத்தை அபகரிப்பதாகப் பட்டது. தெய்வமாகக் கும்பிட்டவர்களால் அவரை வேட்பாளராகப் பார்க்க முடியாமல் போனதற்கு இது பெரிய காரணம்.

அக்டோபர் 18 அன்று கட்சி தொடங்கியது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘பிரஜா’ என்று வரும். மக்கள் எழுச்சி, நீதிக் கூட்டணி என்று தமிழில் சொல்லலாம். ஹார்வர்டில் படித்துத் திரும்பிய எரெந்த்ரோ லெய்சோம்பம் அமைப்பாளர், சர்மிளா இணை அமைப்பாளர். அதற்கு முன் செப்டம்பரில் அவர் டெல்லி சென்று அன்றைய டெல்லி முதல்வர் அரவிந்த் கேஜ்ரிவாலைச் சந்தித்து யோசனை கேட்டிருந்தார். 2013இல் புது டெல்லி தொகுதியில் அப்போதைய முதல்வர் ஷீலா தீட்சித்தை நேருக்கு நேர் எதிர்த்து 25,000க்கு மேற்பட்ட வாக்குகளில் கேஜ்ரிவால் வென்ற கதை எல்லோருக்கும் தெரிந்தது. முதல்வரை அவருடைய தொகுதியிலேயே எதிர்ப்பது என்ற முடிவில் அந்த வெற்றியின் தாக்கம் இருந்திருக்க வேண்டும். முதலில் சொந்த ஊர்த் தொகுதியான குராயிலும் தௌபாலிலும் நிற்பதாகத்தான் சர்மிளா அறிவித்தார். பிறகு குராயை விட்டுவிட்டார். என் பார்வையில் இந்தத் தேர்தலின் மிகப் பெரிய தவறு இதுதான். அவரைக் குழந்தையாக அறிந்த தெருக்களும், அவர் தாய் ஷாகி தேவியை மதித்த வீடுகளும் குராயில் இருந்தன. வென்றிருப்பார் என்று சொல்லவில்லை. ஆனால் இப்படித் தோற்றிருக்க மாட்டார்.

தௌபால் இபோபியின் சொந்த மண். 2002 முதல் மூன்று முறை தொடர்ந்து முதல்வர். பக்கத்துக் காங்காபோக் தொகுதியில் அவர் மனைவி லந்தோனி தேவி எம்எல்ஏவாக இருந்தார். 2017இல் அங்கே நின்று வென்றவர் மகன் சூர்ஜகுமார். வட்டாரத்தின் சாலை, கட்டடம், அரசு வேலை, ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அந்தக் குடும்பத்தின் கை இருந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு சர்மிளா சைக்கிளில் போனார். பிப்ரவரியில் வேட்புமனு கொடுக்க இம்பாலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு சென்றார். பிரசாரத்துக்கும் அதே சைக்கிள்தான். கட்சியின் சின்னம் விசில். இணையத்தில் நன்கொடை திரட்டினார்கள். கேஜ்ரிவால் 50,000 ரூபாய் கொடுத்தார். மணிப்பூரில் ஒரு வேட்பாளர் அன்று சட்டப்படி செலவிடக்கூடிய உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். அந்த வரம்பு காகிதத்தில் இருப்பது என்பதை இந்தியாவில் எந்தத் தேர்தலைப் பார்த்தவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

சைக்கிள் நல்ல படம். பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது. கேரளத்திலும் டெல்லியிலும் கண்டவர்கள் நெகிழ்ந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தௌபாலில் வாக்கு இல்லை. ஒரு பெண், ஒரு சைக்கிள், கூட ஒரு சில இளைஞர்கள் என்று தெருவுக்குள் வரும்போது, வீட்டுத் திண்ணையில் இருப்பவர் முதலில் எடைபோடுவது கொள்கையை அல்ல. இவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், நாளைக்கு எனக்கு ஒரு சங்கடம் வந்தால் யாரைத் தேடிப் போவது என்றுதான் பார்ப்பார். அதைக் குறுகிய சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. அரசு வேலையையும் அரசு ஒப்பந்தத்தையும் விட்டால் பிழைப்புக்கு அதிக வழி இல்லாத மாநிலம் அது. அங்கே எம்எல்ஏ என்பவர் அரசாங்கத்துக்குள் நுழைய ஒரே வாசல்.

மணிப்பூர்த் தொகுதிகளின் அளவையும் மனத்தில் கொள்ள வேண்டும். 60 தொகுதிகளில் 40 பள்ளத்தாக்கில், 20 மலையில். ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். தமிழ்நாட்டுத் தொகுதி ஒன்றில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருப்பார்கள். இவ்வளவு சிறிய தொகுதியில் எந்த லெய்காய், அதாவது எந்தத் தெருக்கூட்டம், யார் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். வாக்குப்பதிவு 80 சதவீதத்தைத் தாண்டும். வராதவர் யார் என்பதும் தெரியும். வாக்குகள் சாவடிவாரியாக எண்ணப்பட்டு வெளியிடப்படுவதால், எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்பது மறைவதில்லை. தௌபாலில் நாற்பது சாவடிகள் என்று வைத்துக்கொண்டால், சர்மிளாவுக்குச் சாவடிக்கு இரண்டு வாக்குகள் சொச்சம். அந்த இரண்டு பேர் யார் என்று ஊகிப்பது ஊருக்குக் கடினமல்ல. பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே பரிந்துரைத்தது. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. முதல்வருக்கு எதிராக வாக்களிக்க நினைக்கும் ஏழைக்கு இந்தக் கருவி தரும் பாதுகாப்பு சிறிதல்ல.

இந்த 90 வாக்குகளில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு சாவடியிலும் ஒரு வேட்பாளருக்கு ஒரு முகவரும் அவருக்கு மாற்றாக ஒருவரும் இருந்து, அவர்களும் அவர்கள் வீட்டாரும் வாக்களித்தாலே சில நூறு தேறும். தேறவில்லை. அப்படியானால் சாவடி முகவர்கள் என்ற அடிப்படை அமைப்பே அவருக்கு இல்லை என்று பொருள். பதிவான 27,000க்கும் மேற்பட்ட வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 4,500 வாங்கினால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். டெபாசிட்டைப் பற்றிப் பேசும் நிலைக்கே அந்தக் கட்சி வரவில்லை.

கேஜ்ரிவாலோடு ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவாகிறது. அவருடைய ஆம் ஆத்மி கட்சி 2012 நவம்பரில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் மின் கட்டணம், தண்ணீர் என்று வீடுவீடாகப் போய், 70 தொகுதிகளுக்கும் ஆள் தேடியது. அது ஆட்சிக்குப் போட்டியிடுகிறது என்பதை வாக்காளர் நம்ப முடிந்தது. பிரஜா 60 தொகுதிகளில் நிறுத்தியது மூன்று பேரை. தௌபாலில் சர்மிளா, தாங்மெய்பந்தில் எரெந்த்ரோ, வாபகாயில் நஜிமா பீபி. மூவரும் வென்றாலும் சர்மிளா முதல்வராக முடியாது. பதற்றப் பகுதி அறிவிப்பில் கைவைக்க முடியாது. தன் வாக்கு அந்தச் சட்டத்தை அசைக்காது என்பதைத் தௌபால் வாக்காளர் சரியாகவே கணக்குப் போட்டார். சட்டத்தைப் பற்றிய சர்மிளாவின் சரியான வாசிப்பு, தேர்தல் கணக்கில் இந்த இடத்தில்தான் அறுந்துபோனது.

காலமும் ஒத்துவரவில்லை. 2016 நவம்பர் முதல் ஐக்கிய நாகா கவுன்சிலின் பொருளாதாரத் தடை பள்ளத்தாக்கை நெரித்துக்கொண்டிருந்தது. டிசம்பரில் இபோபி அரசு ஏழு புதிய மாவட்டங்களை அறிவித்ததும் அது இன்னும் இறுகியது. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசை, கள்ள விலை. 2015இல் மத்திய அரசு நாகா அமைப்போடு செய்த உடன்பாட்டில் மணிப்பூரின் நிலம் பறிபோகுமோ என்ற அச்சம் மெய்திகளிடம் நிறைந்திருந்தது. மாநில எல்லையைக் காப்பவர் யார் என்பதே தேர்தலின் கேள்வியாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு இபோபி ஒரு பதில், பாஜக இன்னொரு பதில். சிறப்பு அதிகாரச் சட்டம் பற்றிய கேள்வி, அதற்காக ஒருவர் வாழ்வையே கொடுத்தும், பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அந்தக் கேள்வி வலுவிழந்திருந்ததா என்றால் இல்லை. 1979 முதல் 2012 வரை மணிப்பூரில் 1,528 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதாக, கணவனையும் மகனையும் இழந்த குடும்பங்களின் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தது. நீதிமன்றம் அமைத்த சந்தோஷ் ஹெக்டே ஆணையம் 2013இல் ஆறு சம்பவங்களை விசாரித்து, ஆறுமே உண்மையான மோதல்கள் அல்ல என்று கண்டறிந்தது. 2016 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், பதற்றப் பகுதியாக இருந்தாலும் படையினருக்கு முழு விலக்கு கிடையாது என்று தீர்ப்பளித்தது. அந்தக் கொலைகளில் மாநிலக் காவல்துறையின் பங்கும் பெரிது. அந்தக் காவல்துறை பதினைந்து ஆண்டுகள் யார் கீழ் இருந்தது என்று தௌபாலில் வீடுவீடாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்க சர்மிளாவிடம் ஆளில்லை.

போராட்டக்காரர்கள் தேர்தலில் வெல்வதே இல்லை என்ற பேச்சையும் இங்கே மறுக்க வேண்டும். 2017 டிசம்பரில் குஜராத்தின் வட்காம் தொகுதியில் சுயேச்சையாக நின்ற ஜிக்னேஷ் மேவானி 19,000க்கு மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். காங்கிரஸ் தன் வேட்பாளரை நிறுத்தாமல் அவருக்கு வழிவிட்டது. 2021இல் அசாமின் சிவசாகர் தொகுதியில் அகில் கோகோய் சிறையில் இருந்தபடியே வென்றார். எண்பது வயதைத் தாண்டிய அவர் தாய் தெருத்தெருவாகப் போய் மகனுக்கு வாக்குக் கேட்டார். ஆனால் கோகோய் சிறைக்குப் போகுமுன் 2005 முதல் விவசாயிகள் சங்கம் ஒன்றை ஊர் ஊராகக் கட்டியிருந்தார். நில உரிமைக்கும் அணைக்கு எதிராகவும் அவரோடு ஊர்வலம் போனவர்கள் கிராமத்துக்குக் கிராமம் இருந்தார்கள். தலைவர் உள்ளே இருந்தாலும் சங்கம் வெளியே இருந்தது. சர்மிளாவின் போராட்ட வடிவமே தனிமை. தன் உடலைத் தவிர வேறு எதையும் அவர் ஆயுதமாக்கவில்லை. அந்த உடலையும் அரசு மருத்துவமனை அறைக்குள் பூட்டி வைத்தது. அவரைச் சுற்றி அனுதாபிகள் பெருகினார்கள், அமைப்பு வளரவில்லை.

அவர் பெண் என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. மணிப்பூர்ப் பெண்களின் ஆற்றலைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். 1904இலும் 1939இலும் ஆங்கிலேயரை எதிர்த்த நுபி லான் போராட்டங்கள், பெண்களே கடை வைக்கும் இம்பாலின் இமா கெய்தெல் சந்தை, இரவில் தீப்பந்தம் ஏந்திக் காவல் நிற்கும் மெய்ரா பைபிகள். வாக்காளர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். இருந்தும் முதல் பெண் எம்எல்ஏ ஹங்மிலா ஷைசா தேர்ந்தெடுக்கப்பட்டது 1990இல்தான். 2017இல் 60 பேரில் வென்ற பெண்கள் இருவர்: ஆகோய்ஜம் மீராபாய் தேவி, நெம்சா கிப்கென். தெருவில் பெண் முன்னால் நிற்கலாம், அடி வாங்கலாம், பட்டினி கிடக்கலாம். சீட்டு கேட்டால் மட்டும் ஊர் முகம் மாறிவிடும். வாபகாயில் நின்ற நஜிமா பீபி மணிப்பூர் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்ட முதல் முஸ்லிம் பெண். இறந்தால் ஊர் அடக்கத்தலத்தில் இடம் தரமாட்டோம் என்று அவருக்கு மிரட்டல் வந்தது. அவர் பின்வாங்கவில்லை. சர்மிளாவின் கட்சி நிறுத்திய மூவரில் ஒருவர் இப்படிப்பட்டவர் என்பது அந்தக் கட்சியின் நேர்மைக்குச் சான்று. தௌபாலில் வாக்குப்பதிவு நடந்தது மார்ச் 8, சர்வதேச மகளிர் தினத்தில்.

28 இடங்களோடு தனிப்பெரும் கட்சியாக வந்தும் காங்கிரஸ் ஆட்சி அமைக்க முடியவில்லை. 21 இடங்கள் பெற்ற பாஜக சிறு கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு பிரேன் சிங்கை முதல்வராக்கியது. இனி தேர்தலில் நிற்பதில்லை என்று சொல்லிவிட்டு சர்மிளா கேரளத்தின் அட்டப்பாடிக்கு ஓய்வுக்குச் சென்றார். அங்கிருந்து கொடைக்கானல். அவரும் குட்டினோவும் அங்கே திருமணப் பதிவுக்கு விண்ணப்பித்தபோது, சர்மிளா குடியேறினால் மலையின் அமைதி கெடும் என்று உள்ளூரில் சிலர் ஆட்சேபம் கொடுத்தார்கள். ஆட்சேபம் தள்ளுபடியானது. 2017 ஆகஸ்ட் 17 அன்று கொடைக்கானல் சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்மிளாவும் டெஸ்மண்ட் குட்டினோவும் மணம் செய்துகொண்டார்கள். அவரை விரட்டும் மனநிலை மணிப்பூருக்கு மட்டும் உரியதல்ல என்பதைத் தமிழ் வாசகர்களாகிய நாம் நினைவில் வைக்க வேண்டும். 2019 மே மாதம் பெங்களூரில் அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தனர்.

சட்டத்தின் கதை தொடர்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் மணிப்பூரின் ஆறு மாவட்டங்களில் 15 காவல் நிலைய எல்லைகளிலிருந்து அது விலக்கப்பட்டது. நாடாளுமன்றம் எதையும் ரத்து செய்யவில்லை. பதற்றப் பகுதி அறிவிப்பைச் சுருக்கினார்கள், அவ்வளவுதான். 2016இல் சர்மிளா சுட்டிக்காட்டிய வழி அதுவே. 2023 மே மாதம் வெடித்த இனக்கலவரத்துக்குப் பின், 2024 நவம்பரில் ஆறு காவல் நிலைய எல்லைகளில் அதே அறிவிப்பு திரும்பவும் வந்தது. 2025 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அடுத்த மாதம், 13 காவல் நிலைய எல்லைகளைத் தவிர மாநிலம் முழுவதற்கும் அறிவிப்பு நீட்டிக்கப்பட்டது. அந்த விலக்கப்பட்ட பட்டியலில் போரோம்பட்டும் இருந்தது, தௌபாலும் இருந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ரத்தாகவில்லை.